கவிழ்க்காமல் வைத்த படகு

“ஏப்ரல்ல போங்க மேடம், திமிங்கிலம் பாக்கலாம்” என்றார் நாகப்பட்டினத்தில் எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். “இப்ப போனீங்கன்னா மழையைத்தான் பாப்பீங்க. பாதி ஹோட்டல் பூட்டிக் கிடக்கும்.” சொன்னதோடு விடாமல் கணினியைத் திருப்பி நீலக்கடலும் வெள்ளை மணலுமாகத் திருகோணமலைப் படம் ஒன்றையும் காட்டினார். நான் தேடிப் போகிறது மழைக்காலத்தில்தான் அங்கே கரையேறும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்த்திகையிலேயே போடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஓய்வு பெறும் வரை பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவள் நான். வாடை பிடித்ததும் கடல் நீரோட்டம் நம் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும், இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டுக்கொண்டு போகும் என்று வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டிருக்கிறேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதைப் போட்ட எனக்கே அது ஒரு சாக்பீஸ் கோடுதான்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை நண்டு வலை எடுக்கத் தனியாகப் போன என் தம்பி முருகையன் திரும்பி வரவில்லை. ஊரே கடலில் தேடியது. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. சில வாரம் கழித்து மீனவர்கள் கைப்பேசியில் ஒரு படம் சுற்றி வந்தது. திருகோணமலைக்கு வடக்கே சாம்பல்தீவுக் கரையில் ஒதுங்கிய ஃபைபர் படகு. வெளியே நீலம், உள்ளே வெள்ளை. அணியம், அதாவது படகின் முன்பக்கம், உடைந்து பதிவு எண் எழுதிய இடமே இல்லை. எங்கள் கரையில் நீலப் படகுகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அது அவனுடையதா என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் பாஸ்போர்ட் இருந்தது எனக்கு மட்டும்தான்.

பயணத்துக்கு நான் போட்ட திட்டம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் போடுகிற திட்டம். சாலை மூழ்கினால் காத்திருக்க ஒரு நாள், கடல் பொங்கினால் காத்திருக்க ஒரு நாள், துணிகளைச் சுற்ற பிளாஸ்டிக் பைகள், இரண்டு குடைகள். தம்பி மனைவி செல்வி எல்லாவற்றையும் மடித்துக் கொடுத்தாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அது அவரோடதா இருந்தாலும் கவிழ்க்காம பாத்துட்டு வாங்க அண்ணி.”

இதை விளக்க வேண்டும். எங்கள் கடற்கரைத் தெருவில் ஆண்கள் கடலில் இருக்கும்போது வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் கவிழ்த்து வைக்க மாட்டோம். சட்டி கவிழ்ந்தால் படகு கவிழ்ந்த மாதிரி. முருகையன் போன நாளிலிருந்து செல்வி வீட்டில் தட்டு, தம்ளர், குடம் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிமிர்ந்தே இருக்கின்றன. ஓட்டு ஒழுக்கில் நிரம்பினால் துடைத்துத் துடைத்து மறுபடி நிமிர்த்தி வைப்பாள். அவர்கள் மகள் அபிக்கு ஐந்து வயது. விளையாட்டுக்குச் செப்புச் சாமானைக் கவிழ்த்தாலும் முதுகில் ஒன்று விழும். படித்தவள் நான், இதையெல்லாம் சிரித்துத் தள்ளியவள். இந்த ஒரு மாதமாக என் வீட்டிலும் நான் எதையும் கவிழ்க்கவில்லை.

முதல் நாள், இலங்கையில் இறங்கித் திருகோணமலைக்குப் போகிற வழியில், தம்பலகாமத்தில் பேருந்து நின்றுவிட்டது. பொழுது சாயவில்லை, ஆனால் மழை வெளிச்சத்தைத் தின்றிருந்தது. சாலை இரண்டு பக்கமும் வயல் எங்கே, குளம் எங்கே என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். நடுச்சாலையில் ஒரு யானை. ஓட்டுநர் விளக்கையும் எஞ்சினையும் அணைத்தார். ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்த பாட்டும் நின்றது. எங்கள் ஊராக இருந்தால் ஹாரன் அடித்தே யானையைப் பைத்தியமாக்கியிருப்பார்கள். இங்கே கைக்குழந்தைகூட அழவில்லை.

“ஏன் ஹாரன் அடிக்கலை?” என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கிசுகிசுத்தேன்.

“அது பாத்துக்கொண்டு நிக்குது” என்றார் அவர், அதே கிசுகிசுப்பில். “ஒருத்தரும் கதைக்காமல் இருந்தால் தன்ரபாட்டில போயிரும். நாங்கள்தானே அதின்ர வழியில நிக்கிறம்.”

யானை ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பது போலத் தலையைத் திருப்பியது. பிறகு தண்ணீரில் இறங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு இறங்கியும் சத்தமே கேட்கவில்லை. அது போன பிறகும் ஓட்டுநர் சிறிது நேரம் எஞ்சினைப் போடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

திருகோணமலைப் பேருந்து நிலையத்தில் என்னை வரவேற்றவை மான்கள். எங்கள் ஊர் நிலையத்தில் மாடு நிற்கிற இடத்தில் இங்கே புள்ளிமான்கள் நிற்கின்றன. ஒரு கூட்டமே கடை ஓரத்தில் ஒதுங்கி, யாரோ போட்ட காகிதப் பையை மென்றுகொண்டிருந்தது. அழகுதான் என்று இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். ஒரு மானும் விலகவில்லை. எல்லாம் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கடல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தன.

“மழைக்குள்ள இஞ்ச ஆரும் வாறல்லையே” என்றார் என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்ட நளீம். பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்தவர், என் வயது இருக்கும். “இந்தியாவோ? கோயிலுக்கோ?”

ஒரு படகு பார்க்க வந்தேன் என்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

“சாம்பல்தீவில கிடக்கிற நீலத் தோணியோ?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும் தங்கச்சி” என்றார். நான் தங்கவிருந்த பாலையூற்று வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்தினார். இறங்கும்போது, நாளைக்கு அவரே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

பாலையூற்றில் எனக்கு அறை கொடுத்தது பிலோமினா அக்கா. கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காது மந்தம். அக்கா மாதா கோயில் காரியங்களில் ஓடித்திரிகிறவர். இடியப்பமும் சொதியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் வைத்தார். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்று சொன்னதும், “சீனி போட்டோ?” என்று உண்மையாகவே பரிதாபப்பட்டார். சம்பல் காரத்தில் என் கண் கலங்கியது. கொஞ்ச நேரம் அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

சாப்பிட்டுத் தட்டைக் கழுவக் குசினிக்குள் போனேன். பாத்திரத் தாங்கியில் அத்தனை தட்டும் கோப்பையும் கவிழ்ந்து கிடந்தன. என் கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா ஏன் என்று கேட்டார், சொன்னேன்.  காலையில் நான் எழுந்து வந்தபோது குசினியில் எல்லாப் பாத்திரமும் நிமிர்ந்திருந்தது.

இரண்டாம் நாள் வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. வடக்கே போகிற சாலையில் பாதி தூரம் போவதற்குள் நளீமின் ஓட்டோ முழங்கால் தண்ணீரில் இருமி, நின்று, ஊமையாகிவிட்டது. இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டோ தள்ளுகிற வேலை என் திட்டத்தில் இல்லை. கோபத்தில் நான் மழையைத் திட்டினேன். நளீம் அதைத் தன்னைத் திட்டுவதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

ஈரம் காயட்டும் என்று துறைமுகப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் உட்கார வைத்தார். பால் இல்லாத பிளேன்ரீயும், மீன் பணிஸ் என்கிற மீன் பன்னும். ஊரின் ஓரத்தில் நிற்கும் மலைக்கு அப்பால் வெளிக்கடல் இரைவது முதுகுக்குப் பின்னால் கேட்டது. எங்கள் முன்னால் இருந்த உள்துறைமுகத்திலோ அலையே இல்லை. மழை விழுந்த புள்ளிகளைத் தவிர அசைவில்லாமல், கறுப்பாகக் கிடந்தது. பக்கத்து மேசையில் ஒரு சிங்களக் கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று நளீமிடம் கேட்டேன்.

“‘இந்தத் தண்ணியைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது, எழும்புங்க’ எண்டு மனிசி சொல்லுறா” என்றார். “சரியான ஆழம் தங்கச்சி இது. இதுக்குள்ள போனது போனதுதான். வெளிக்கடல் அப்பிடியில்ல. அது எடுத்தாலும் எப்பவாவது கொண்டு வந்து தரும்.”

எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார் என்று புரிந்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் செல்வி கூப்பிட்டாள். சாலையில் தண்ணீர், இன்னும் பார்க்கவில்லை என்றேன். அவள் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. இன்னும் ஒரு நாள் அவன் உயிரோடு இருப்பான். எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது, உடனே என் மேல் வந்தது. எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவளுக்குத் தெரியாமல் இருந்தாக வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் படகு.

மூன்றாம் நாள் மழை விட்டது. காற்றும் விட்டது. மழைக்காலத்தில் காற்று விட்டால் மீனவப் பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அந்த அமைதியை யாரும் நம்ப மாட்டோம்.

நளீம் சொல்லிவைத்ததால் சாம்பல்தீவுக் கரையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் சிவராசா. படகைக் கண்டெடுத்தவர் அவர்தான். ஒல்லி, நரைத்த தாடி, பேசும்போது நிலத்தைப் பார்ப்பவர். அவர் மனைவி தவமணி தேநீர்க் குவளைகளோடு பின்னால் வந்தார். அக்கம்பக்கத்து ஆண்கள் சிலரும் கூடவே நடந்தார்கள். போகிற வழியில் தாழம்புதருக்குப் பின்னால் மூங்கிலால் கட்டிய சின்ன வீடு ஒன்று மணலில் சாய்ந்து கிடந்தது. கூரை, கதவு எல்லாம் இருந்தது.

“யார் வீடு?” என்றேன்.

“தெரியாது” என்றார் சிவராசா. “போன மாரிக்குக் கடலில மிதந்து வந்தது. பர்மாப் பக்கத்துச் சாமிக் காரியம் எண்டு சொல்லுறாங்கள். உள்ளுக்க ஆளில்லை. பூ வைச்சுக் கிடந்தது. வாடாத பூ.”

பிளாஸ்டிக் பூவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

நீலப் படகு அலை எட்டாத மேட்டில் இருந்தது. நேராக நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுத்து, உடைந்த அணியத்தைக் கடல் பார்க்க வைத்திருந்தார்கள். மற்றப் படகுகள் எல்லாம் மழைக்குக் கவிழ்த்துப் போட்டிருக்க, இது மட்டும் வாய் திறந்து நின்றது. உள்ளே கணுக்கால் அளவுக்கு மழைத்தண்ணீர்.

“ஒவ்வொரு நாளும் விடிய வந்து தண்ணி இறைக்கிறனான்” என்றார் சிவராசா. “இண்டைக்குத்தான் நீங்கள் வருவீங்கள் எண்டு இறைக்கேல்லை.”

“கவிழ்த்து வச்சிருந்தா தண்ணி நிக்காதே” என்று கேட்டேன். பதில் தெரிந்தே கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “வந்த தோணியை அதின்ர ஆக்கள் வராமல் கவிழ்க்கிறேல்லை. கவிழ்த்தால் அந்த ஆளுக்கு இனித் திரும்ப இடமில்லை எண்டு நாங்களே சொன்ன மாதிரி. அது எங்கட வேலை இல்லைதானே.”

நடுவில் இவ்வளவு கடல் கிடக்கிறது. செல்வியும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவள் அங்கே தட்டைத் துடைத்து நிமிர்த்திக்கொண்டிருந்த அதே காலைகளில் இவர் இங்கே முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

படகுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டுக் கயிறு, கொஞ்சம் பாசி. உட்காரும் பலகையில் வெட்டோ எழுத்தோ எதுவும் இல்லை. எவன் படகாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

ஆனால் எனக்கு ஓர் அடையாளம் தெரியும். போன தை மாதம் முருகையன் படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பெயின்ட் அடித்தபோது, அபி மஞ்சள் டப்பாவில் கையை விட்டு அணியத்துக்குக் கீழே அடிவயிற்றில் அப்பிவிட்டாள். செல்வி அடிக்கப் போனாள். முருகையன் விடவில்லை. “இருக்கட்டும். அடியிலேருந்து என் பொண்ணு தாங்கிக்குவா” என்று சொல்லி அந்தக் கைத்தடத்தை அழிக்காமல் சுற்றி நீலம் பூசினான். நான் அப்போது பக்கத்தில் நின்று சிரித்தேன்.

இதைச் சொன்னதும் எல்லோரும் படகின் அடியைப் பார்த்தார்கள். கைத்தடம் அடியில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் கவிழ்க்க வேண்டும்.

“கவிழ்த்துப் பாத்து, அது இல்லையெண்டால்?” என்றார் தவமணி. “உங்கட தம்பி இல்லாட்டிலும் வேற ஆரோ பெத்த பிள்ளை. பெத்தவைக்கு ஆர் பதில் சொல்லுறது?”

சிவராசா படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு குந்தி மணலைக் கையால் அள்ளிப் பார்த்தார். “தோணி இருந்தபடி இருக்கட்டும். அடியில மண்ணை எடுப்பம். அக்கா பூந்து பாக்கட்டும்.”

மண்வெட்டி வந்தது. அணியத்தின் கீழே ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம் தோண்டினார்கள். படகு சரியாமல் இருக்க ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். நளீமும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். இந்த வயதில், இந்த உடம்போடு, மல்லாந்து படுத்து ஈர மணலில் ஊர்ந்து நான் ஒரு படகின் அடியில் போனேன்.

உள்ளே இருட்டு. மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் படகின் அடிவயிறு. கைப்பேசி வெளிச்சத்தில் நீலமே தெரியவில்லை, படகடியில் ஒட்டி வளர்கிற கொட்டலசுச் சிப்பிகள் நெருக்கமாகக் கூர்கூராக நின்றன. ஒரு சிப்பி ஓட்டை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன். பொடி கண்ணில் விழுந்தது.

அப்போது மேலே படகுக்குள் யாரோ நடந்தார்கள்.

பின்பக்கத்திலிருந்து தண்ணீரை அளைந்துகொண்டு வருகிற காலடி. ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் சளக் என்றது. என் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. பிறகு, உட்காரும் பலகையில் ஆள் உட்காரும்போது வருமே, அந்த முனகல். சுமை இறங்கியதில் படகு ஒரு விரல்கடை கீழே வந்ததை என் நெற்றி உணர்ந்தது.

“ஏறாதீங்க, பாரம் தாங்காது” என்று கத்தினேன்.

 வெளியிலிருந்து நளீமின் குரல், மிகவும் மெதுவாக. “ஒருத்தரும் ஏறல்ல தங்கச்சி.”

நான் பயந்தேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னால் பட்டதில்லை. ஆனால் வெளியே ஊர்ந்து வரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நடந்து வந்த தினுசு எனக்குத் தெரிந்ததாக இருந்தது. காலை இழுத்து வைக்கிற நடை. சின்ன வயதில் ஆணி குத்தி, அதன் பிறகு அவன் அப்படித்தான் நடப்பான்.

சுரண்டினேன். ஒரு கொத்துச் சிப்பி பெயர்ந்து என் கழுத்தில் விழுந்தது. அதன் கீழே மஞ்சள். முதலில் ஒரு சுண்டுவிரல். மற்ற விரல்களும் வந்தன. பெருவிரல் இருந்த இடத்தில் பெயின்ட் வழிந்திருந்தது, அன்றைக்கு வழிந்தது போலவே. என் கையை அதன் மேல் வைத்தேன். அது என் உள்ளங்கைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அடியிலிருந்து தாங்கத்தான் செய்திருக்கிறாள் பிள்ளை, இவ்வளவு தூரம்.

நான் ஊர்ந்து வெளியே வந்தேன். தவமணி தன் சேலைத் தலைப்பால் என் முகத்து மணலைத் துடைத்தார். நான் படகுக்குள் பார்த்தேன். தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பலகையில் யாரும் இல்லை.

“என்ன மாதிரி, அக்கா?” என்றார் சிவராசா கடைசியில்.

செல்வி வாசலில் என் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. கவிழ்க்காமல் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். நான் சரி என்று சொல்லியிருந்தேன். ஆனால் அவன் எத்தனை நாள்தான் அந்த ஈரத்தில் உட்கார்ந்திருப்பான்? யாராவது வந்து போகச் சொல்லும் வரை போகமாட்டான். சின்ன வயதிலேயே அவன் அப்படித்தான்.

“என் தம்பி படகுதான்” என்றேன். “கவிழ்த்துடுங்க.”

சிவராசா மேலும் ஒருமுறை கேட்டார், “ஓமோ?” என்று. ஓம் என்றேன், அவர் பாஷையிலேயே. விளிம்பில் என் கையையும் வைத்தேன். எல்லோருமாகத் தூக்கினோம். தேங்கிய தண்ணீர் ஒரே வீச்சில் மணலில் ஓடிக் கடலுக்கு இறங்கியது. படகு தன் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தது. சிப்பிகளுக்கு நடுவே சின்ன மஞ்சள் கை வானத்தைப் பார்த்தது. நளீம் ஒதுங்கிப் போய்க் கைகளை ஏந்தித் தன் பிரார்த்தனையைச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

செல்விக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். நான் கூப்பிடுவதற்கு முன்னால் அவளே கூப்பிட்டாள்.

“அண்ணி” என்றாள். அழுகிற குரல் இல்லை. “அபி இப்ப எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்து வச்சிட்டா. தட்டு, தம்ளர், குடம், எல்லாம். யாரும்மா சொன்னதுன்னு கேட்டேன். அப்பா ஈரமா இருக்காரு, காயட்டும்கிறா.”

கவிழ்ந்த படகின் மேல் தெரிந்த மஞ்சள் கையைத் திரும்பிப் பார்த்தேன். 

“அடிக்கக் கையை ஓங்கிட்டேன் அண்ணி” என்றாள் செல்வி. “அப்புறம் ஒரு தட்டையாவது நிமித்தி வைக்கலாம்னு போனேன். கை போகலை.”